சாமிக்குப் போன கலைக்களஞ்சியம்

ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமிக்கு வைத்தவன் இந்தப் பேராக் மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் தேங்காய் கொடுப்பார்கள், சேவல் கொடுப்பார்கள், வசதி இருந்தால் கோயிலுக்கு ஒரு மணி வாங்கிப்போடுவார்கள். நான் கொடுத்தது கலைக்களஞ்சியம். அதுவும் என் சொத்தில்லை. பக்தி முற்றிப்போய் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் சரஸ்வதியே சிரித்துவிடுவாள். பெருமைக்குச் செய்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. ஈப்போவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் கடைசி வாத்தியார் நான். பள்ளி நூலகம் என்பது தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்ற இரண்டு கண்ணாடி அலமாரிகள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தலைமை ஆசிரியரான வெள்ளைக்காரத் துரை கேட்டபோது மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அவர்களுக்கு அனுபவம் இருந்தது, எனக்குப் புது கோட்டு இருந்தது.

பையன்கள் ஆராய்ந்து எழுத வேண்டிய பாடம் என்று வந்து நின்றால் நான் செய்த உதவியையும் சொல்லிவிடுகிறேன். முகவாயைத் தடவுவேன். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, "தேடிப் பாரு" என்பேன். அவன் தேடும்போது பக்கத்தில் நின்று கொஞ்சம் இருமுவேன். கடைசியில் அவனாக எதையாவது கண்டுபிடித்து எடுத்தால், "அதைத்தான் நானும் நெனச்சேன்" என்பேன். இந்த முறையில் பல பேர் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். எனக்கும் நல்ல பெயர்.

அந்த ஆண்டு துரை ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். மேல்வகுப்புப் பையன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பொருள். அலமாரிப் புத்தகங்களைப் படித்துவிட்டு வகுப்பின் முன்னால் எழுந்து பேச வேண்டும். பேசும்போது அவர் நடுவில் கையைத் தூக்குவார். "இதை எங்கே படித்தாய்?" புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் சொல்ல வேண்டும். உடனே அந்தப் புத்தகத்தை வரவழைத்துச் சரிபார்ப்பார். சரியில்லையென்றால் உட்கார வேண்டியதுதான். மிக நன்றாகச் செய்பவனுக்குக் கடைசி வகுப்பில் படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாத ஓர் இடம். ஒரே ஓர் இடம்.

பணக்கார வீட்டுப் பையன்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒருவனுக்கு மட்டும் விளையாட்டில்லை. செமோருக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டுகிறவரின் மகன். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். உயரம் வளர்ந்து சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்ட பையன், பேச்சு குறைவு. அடுத்த வருஷம் அவனுக்குச் சம்பளம் கட்ட வழியில்லை என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். கங்காணியிடமும் பேசி வைத்துவிட்டார். அந்த இடம் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அவன் தோட்டத்துப் பெரட்டில் நிற்க வேண்டும். விடியுமுன் ஆளை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்த வரிசையில்.

அவனுக்குக் கிடைத்த பொருள் மலேரியாக் காய்ச்சல். தோட்டத்துப் பிள்ளைக்குக் காய்ச்சலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வருஷா வருஷம் உடம்பிலேயே படித்தவன். ஆனால் உடம்புக்குப் பக்க எண் கிடையாது. ஆகவே கலைக்களஞ்சியத்தில் மலேரியா வரும் தடித்த தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். கொசு எப்படிக் காய்ச்சலைக் கொண்டுபோகிறது என்ற பாதியை முடித்துத் தாள்களில் குறித்துக்கொண்டான். எப்படித் தடுப்பது என்ற பாதி மிச்சம். "நாளைக்கு வந்து படிக்கிறேன், சார்" என்றான். நான் முகவாயைத் தடவி, சரி என்றேன்.

அன்று சாயங்காலம்தான் என் பெருமை கிளம்பியது.

மறுநாள் சிலிபினில் பெரிய கிராணியார், அதாவது ரயில்வே தலைமை எழுத்தர், வீட்டில் சரஸ்வதி பூசை. யாழ்ப்பாணத்துக்காரர். அக்கம்பக்கத்து உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள், நாற்காலியெல்லாம் அவர்களுக்கே. கடைக்காரர் மகனான நான் வருஷா வருஷம் வாசல் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். இந்த வருஷம் பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றிரண்டு கொண்டு வாரும், பிள்ளைகளுக்கு நல்லது என்று அவர் சொல்லியிருந்தார். நான் கலைக்களஞ்சியத்தின் அத்தனை தொகுதிகளையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். பொன் விளிம்பு. தோல் முதுகு. எந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, விளக்கு வெளிச்சத்தில் மின்னும் என்று மட்டும் தெரிந்தது. ஒன்றிரண்டு ராத்திரி விஷயம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூசைக்கு வைத்த புத்தகத்தை மறுபூசை வரைக்கும் தொடக் கூடாது என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கிற வழக்கம்தான் எனக்கு இல்லை.

கிராணியார் ஒவ்வொரு தொகுதிக்கும் அட்டையிலும் ஓரத்திலும் சந்தனம் குங்குமம் பூசி, இரண்டு அடுக்காக அடுக்கி, குறுக்கே பலகை போட்டு, பட்டு விரித்து, அதன் மேல் சரஸ்வதி படத்தை ஏற்றினார். "இப்பதான் அவளுக்கு ஏத்த சிம்மாசனம்" என்றார். எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். அதில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதைப் படம் பிடித்திருந்தால் அந்தப் படத்துக்கும் மாலை போட்டிருப்பார்கள்.

மறுநாள் பிற்பகல், பூசை தொடங்குமுன் வாசலில் அந்தப் பையன் நின்றான். கையில் முதல் நாள் குறித்த தாள்கள். அலமாரியின் கீழ்த்தட்டு காலி, வாசல் காவல்காரரைக் கேட்டேன், நீங்க ரிக்‌ஷாவில் ஏத்திப் போனதாச் சொன்னாரு என்றான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாளைக் காலை முதல் பாடவேளை முடிந்ததும் பேச்சு. மிச்சப் பாதி சரஸ்வதிக்குக் கீழே.

"எந்தப் புஸ்தகம்?" என்று கேட்டேன், ஏதோ தெரியாதவன் மாதிரி.

அவன் எட்டிப் பார்த்தான். "இடது அடுக்கு, சார். அடியில இருக்கிறது."

நான் அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்குமுன் கிராணியாரின் மனைவி தாம்பாளத்தோடு வெளியே வந்தார். பையனையும் அவன் கையிலிருந்த தாள்களையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பூசைக்கு வைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். "கொண்டா ராசா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய், சாமி பாதத்தில் வைத்து, மேலே அவர்கள் செவ்வரத்தம்பூ என்கிற ஒரு செம்பருத்தியும் வைத்து, சந்தனமும் தெளித்துவிட்டார். நல்ல மனுஷி. பெரியவர்கள் இப்படிக் கேட்டு வாங்கினால் எந்தத் தமிழ்ப் பிள்ளையால் இல்லை என்று சொல்ல முடியும்? அவன் வெறுங்கையை அப்படியே நீட்டியபடி நின்றான். வந்தபோது புத்தகம் மட்டும்தான் இல்லை. இப்போது குறிப்பும் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது எனக்குப் பிறவி நோய். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

கிராணியாரிடம் போனேன். சுற்றிச் சுற்றிப் பேசினேன். படிப்புக்கான தெய்வம், ஒரு பிள்ளை படிப்பதைத் தடுப்பாளா என்றேன். ஒரு தொகுதிக்குப் பதில் வேறு கனமான பொருள் ஏதாவது முட்டுக் கொடுக்கலாமே, உரல் மாதிரி என்றும் சொல்லிவிட்டேன். அங்கேதான் கெட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உரலோ? தம்பி, வைச்சது நீர். எடுக்கிறது நேரம். தசமி பிறக்காமல் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

தசமி எப்போது பிறக்கிறது என்று கேட்டேன். பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடம் தொடங்கி வெகுநேரம் கழித்து. வீட்டில் மூன்று குழந்தைகளுக்கு முதல் எழுத்து எழுதவைத்து ஏடு தொடக்க வேறு வேண்டும், அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டு போம் என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தது, அதுதான் சங்கடம். கோபப்பட ஆள் கிடைக்காதவன் படும் பாடு பெரிய பாடு.

பையன் வாசலிலேயே இருந்தான். துரையிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடலாம், நாளைக்கு நேரம் மாற்றிக் கொடுப்பார் என்று மெதுவாகச் சொன்னான். சரியான யோசனை. ஆனால் துரையிடம் போனால், பள்ளிக்கூடத்துக் கலைக்களஞ்சியத்தை யாரைக் கேட்டு ஊருக்குள் கொண்டுபோனாய் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நான் முகவாயைத் தடவினேன். "பொறு, எனக்கு ஒரு வழி தெரியும்" என்றேன். எனக்கு ஒரு வழியும் தெரியாது.

தீபாராதனை வந்தது. மணி அடித்தது, எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். வழி அப்போதுதான் வந்தது. நான் பக்தி மேலிட்டவனாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். விழுந்த இடம் இடது அடுக்கின் ஓரம். பட்டின் அடியில் கையை விட்டு அடித்தொகுதியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மேலே ஏதோ கிரீச்சென்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பலகை சாய்ந்து, சரஸ்வதி வீணையோடு என்னை நோக்கி இறங்கி வந்துகொண்டிருக்கிறாள்.

படத்தைப் பிடித்தது கிராணியார். ஒரு கையில் கற்பூரத் தட்டு, மறு கையில் தேவி. மணி நின்றுவிட்டது. எல்லாருக்கும் கண் திறந்துவிட்டது. நான் தரையில் படுத்தபடி, கை மட்டும் பட்டுக்குள். கிராணியார் படத்தை நிமிர்த்தி வைத்தார், பட்டைச் சரிசெய்தார், என்னைத் தாண்டிப் போய்க் கற்பூரம் காட்டினார். அதன்பின் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

நான் வாசலுக்கு வந்தபோது பையன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான் என்பது தெரிந்தது. நாளைக்கு எவ்வளவு நேரம் இழுத்துப் பேச முடியும் என்று கேட்டேன். குறித்ததெல்லாம் ஞாபகம் இருக்கு சார், பக்கமும் ஞாபகம் இருக்கு, ஆனா சரிபார்க்கப் புஸ்தகம் கேட்பாரு என்றான். பேச்சுக்கு முந்தி நான் புஸ்தகத்தோடு வந்து நிற்பேன் என்று சத்தியம் செய்தேன். அவன் மாமன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

காலையில் தலைவலி என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, இரவல் சைக்கிளோடு கிராணியார் வீட்டில் நின்றேன். நாற்காலியைப் பற்றி நினைக்கவே இல்லை. தசமி பிறந்தது. மறுபூசை தொடங்கியது. அந்த நாளைப்போல் நிதானமான பூசையை நான் பார்த்ததில்லை. பிறகு ஏடு தொடக்கல். முதல் குழந்தை பச்சரிசியில் அழகாக அகரம் எழுதியது. இரண்டாவது குழந்தை எழுதுமுன் அரிசியை அள்ளித் தின்றது. மூன்றாவது, விரலைப் பிடித்தவுடனே ஊரே கூடும்படி அழுதது. அது ஓயும் வரை காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் பாடவேளை முடிந்த மணி அடித்திருக்கும். அவனைக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது எழுந்து நிற்பான். இப்போது துரை கையைத் தூக்குவார்.

பட்டை விலக்கியதும் அடித்தொகுதியை உருவினேன். மற்றவை எப்படிப் போனாலும் போகட்டும். அவன் தாள்களை எடுக்கவும் மறந்துவிட்டேன். புத்தகத்தைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு சிலிபினிலிருந்து மிதித்தேன். வழியில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் என்னைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. நியாயமான திட்டு.

வகுப்பு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே அவன் நின்றுகொண்டிருந்தான். துரை மேசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பியூன், வெறுங்கையோடு. விஷயம் தெளிவாகத் தெரிந்தது: பாதிப் பேச்சில் பக்கம் கேட்டார், இவன் சொன்னான், அலமாரிக்கு ஆள் அனுப்பினார், அலமாரியில் இல்லை. புத்தகம் எங்கே என்று கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறார். பையன் உதடு பிரிந்தது.

நான் உள்ளே போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். அட்டையில் மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம். முதுகில் ஒரு செவ்வரத்தம் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

துரை இதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். இனிப் பொய் சொல்லப் பொய் மிச்சமில்லை. எங்கள் கல்வித் தேவதை முந்தாநாளிலிருந்து இதன்மேல் உட்கார்ந்திருந்தாள் ஐயா, அவளை உட்கார வைத்தது நான், இந்தப் பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். துரை சிரிக்கவில்லை. "இப்போது எழுந்துவிட்டாளா?" என்றார். இப்போதுதான் ஐயா என்றேன். சுவரோரம் நிற்கச் சொன்னார்.

அவன் சொன்ன பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் நான் பயந்தது வந்தது. நோயை எப்படித் தடுப்பது, சொல் என்றார்.

"அந்தப் பாகம் நான் படிக்கலை, சார்."

என் காரணமாகத்தான் படிக்கவில்லை என்று அவன் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துரை புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். இங்கேயே படித்துச் சொல் என்றார்.

அவன் நின்றபடியே திருப்பினான். வேண்டிய இடத்தில் சந்தனம் உள்ளே இறங்கி இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பொன் விளிம்புத் தாள், கிழிந்தால் அது தனிக் கதை. நகத்தை விட்டு இம்மி இம்மியாகப் பிரித்தான். வகுப்பே அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரிந்தது. விரலை வரிகளின்மேல் வைத்து, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல் படித்தான். நான் சுவரோரம் வியர்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வியர்க்கவில்லை.

புத்தகத்தை மூடினான். சதுப்பு நிலத்தை வடிக்க வேண்டும், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று தன் வார்த்தையில் சொன்னான், பக்கத்தோடு. சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இதில் சதுப்பைத்தான் சொல்லியிருக்கு, சார், எங்க தோட்டத்துல பள்ளத்துக் காட்டை வெட்டின பிறகுதான் காய்ச்சல் அதிகமாச்சு, அங்கே தேங்கின தண்ணி இல்லே, வெயில் படுற ஓடை, ஓடுற தண்ணி என்றான்.

துரை கையைத் தூக்கினார். எங்கே படித்தாய்?

"படிக்கலை, சார். அந்த ஓடையில தண்ணி எடுத்திருக்கேன்."

அதற்கு மதிப்பெண் கிடையாது என்றார் துரை. விதி விதிதான். அடுத்தவனைக் கூப்பிட்டார். அடுத்தவன் ஈயச் சுரங்கத்தைப் பற்றிப் பேசினான், நன்றாகவே பேசினான், நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எல்லாரும் முடித்த பிறகு துரை என்னை அனுப்பி மற்றொரு அலமாரியிலிருந்து சுகாதார இலாகா அறிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னார். என் வாழ்நாளில் முதன்முறையாக முகவாயைத் தடவாமல் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அவர் நெடுநேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். வெயில் படும் ஓடைகளில் வளரும் கொசுவைப் பற்றி அங்கே இருந்தது. அந்தப் பக்க எண்ணை அவரே பையனுக்குச் சொன்னார், குறித்துக்கொள் என்றார். பிறகு கரும்பலகையில் ஒரு பெயர் எழுதினார்.

அவன் பெயர்.

எனக்குத் துரை கொடுத்தது வேறு. மற்றத் தொகுதிகள் அன்று சாயங்காலத்துக்குள் அலமாரியில் இருக்க வேண்டும், சந்தனமில்லாமல். அவனே உதவிக்கு வந்தான். கிராணியார் வீட்டம்மா அவன் தாள்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார், கொழுக்கட்டையும் கொடுத்தார், அவனுக்கு மட்டும். தொகுதிகளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

எனக்கு மனசு நிறைந்திருந்தது. துரை கேட்டபோது அவன் பதில் சொல்லாமல் நின்ற அந்த நிமிஷத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். தன் இடமே போகும் நிலையிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தானே என்று நெஞ்சு இளகியது. அதை அவன் வாயாலேயே கேட்டுவிட ஆசை வந்தது.

"என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதானேப்பா அப்படிப் பேசாம நின்னே?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன், சார், நீங்க வந்துட்டீங்க."